வராதவனுக்கும் சீட்டு

இரண்டாயிரத்து நூற்றைம்பது. அப்பா கடைசியாகச் சொன்னது அந்தத் தொகையைத்தான். டயர்க்காரன் அவ்வளவு தர வேண்டும், போய் வாங்கிக்கொள் என்றார். அதற்குப் பிறகு இரண்டு முறை தண்ணீர் கேட்டார். விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

அதை வாங்கத்தான் அவள் இப்போது டயர் கடையின் இரும்புக் கதவை உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தாள். அடக்கம் முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. செருப்பில் குழி மண் ஒட்டியிருந்தது. கிளம்பும்போது அத்தை கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கேவா போகணும்? ஜனங்க என்ன நினைப்பாங்க?"

"ஜனங்களா அத்தை, பத்து மாசம் படுக்கையில கிடந்த உங்க அண்ணனைப் புரட்டிப் போட்டாங்க?"

அத்தை கையை விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. உள்ளே இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பின்னறையில் நான்கு பேர் போக்கர் ஆடுவார்கள். டயர்க்காரர், லாரிக்காரர், பூட்டுக்காரர், வெல்டர். வெல்டர் அவளுடைய அப்பா. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மற்ற மூன்று பேரும் அடக்கத்துக்கு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். ஒருவரும் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மண் போட்டதும் போய்விட்டார்கள். எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்ததும் அவள் செருப்பைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டாள்.

லாரிக்காரர் கதவைப் பாதி தூக்கினார். அவளைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. அவள் குனிந்து நுழைந்தாள். குனியும்போது ஒரு கையால் மூக்குக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் விழும். அதன் வலது பக்கக் கால் ஒடிந்து, தையல் மெஷின் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு கண்ணில் லென்ஸ் நெடுகக் கீறல்.

உடைத்தது அப்பாதான். நான்கு மாதத்துக்கு முன்னால் விரிப்பு மாற்ற அவரைத் தூக்கியபோது, விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் கையை வீசினார். கண்ணாடி தரையில் போய் விழுந்தது. அவளுக்கு வேலை சட்டைத் தையல் ஆலையில், காலர் பிரிவில். கண் இல்லாவிட்டால் கூலி இல்லை. கண்ணாடிக் கடையில் விலை கேட்டுவிட்டு வந்த அன்று கட்டில் பக்கத்தில் நின்று கத்தினாள். "பிரேமுக்கு அறுநூத்தைம்பது. லென்ஸுக்கு ஆயிரத்து ஐநூறு. உங்க மருந்துக்கே பத்தல, இதுக்கு எங்க போறது?" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் அதோடு அதை விட்டுவிட்டாள். நூல் போதும் என்று ஓட்டினாள்.

பின்னறையில் இரண்டு லாரி டயர்களின் மேல் பலகை போட்டிருந்தது. அதுதான் மேசை. காசுக்குப் பதிலாக வாஷரும் நட்டும். சின்ன வாஷர் ஐந்து, பெரிய வாஷர் பத்து, நட் ஐம்பது. ரப்பர் வாடையும் கிரீஸ் வாடையும் சேர்ந்து அடித்தன. சனிக்கிழமை இரவெல்லாம் அப்பாவின் சட்டையில் அடித்த வாடை.

மூன்று பேர் முன்னாலும் சீட்டு இருந்தது. நான்காவது முக்காலி காலி. அதற்கு முன்னாலும் ஐந்து சீட்டு கவிழ்த்து வைத்திருந்தது.

அவள் அதைத்தான் பார்த்தாள்.

"செத்தவருக்குமா சீட்டு போட்டிருக்கீங்க?"

"பாப்பா, உட்காரு முதல்ல," என்றார் பூட்டுக்காரர். அவளுக்கு நாற்பத்தொரு வயது. இவர்களுக்கு இன்னும் பாப்பாதான்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"வராதவனுக்கும் சீட்டு போடணும். அது எங்க ரூலு. ஒருத்தன் வரலேன்னா அவன் சீட்டைப் பக்கத்துல இருக்கிறவன் ஆடணும். அப்பத்தான் இடம் போகாது. உங்கப்பா படுத்ததுலேருந்து அப்படித்தான்."

"அவர் இனிமே வர மாட்டார்."

"தெரியும். போன வாரமே தனக்குப் போட வேண்டாம்னும் சொல்லிட்டார். கைப் பழக்கம். நாலு பேருக்குப் போட்டே பழகின கை. போட்டப்புறம்தான் பார்த்தோம். எடுக்க யாருக்கும் மனசு வரல. அதான் உட்கார்ந்திருக்கோம். ஆடல."

உண்மைதான். யார் முன்னாலும் ஒரு வாஷர் நகரவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது. அதைப் பார்த்தும் அவளுக்குக் கோபம் தணியவில்லை.

அவள் டயர்க்காரரைப் பார்த்துத் திரும்பினாள். பெரிய உடம்பு. சின்ன வயதில் அவரை டயர் மாமா என்று கூப்பிடுவாள். இப்போது வாயில் மாமா வரவில்லை.

"நீங்க எங்கப்பாவுக்கு இரண்டாயிரத்து நூத்தைம்பது தரணும். எடுங்க."

டயர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பூட்டுக்காரர்தான் கணக்கு நோட்டு வைத்திருப்பவர். அவர் கண்ணைச் சுருக்கினார்.

"கணக்கு அப்படி இல்லையே, பாப்பா."

"யோவ், இன்னிக்குப் போய் நோட்டை எடுக்காதே," என்றார் லாரிக்காரர்.

அதற்குள் நோட்டு அவள் கைக்கு வந்துவிட்டது. அவளே பிடுங்கினாள். வெல்டர் என்று தலைப்புப் போட்ட பக்கம். வாரா வாரம் தேதி. வாரா வாரம் தொகை. கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு அடியில் இருந்ததைப் படித்தாள். படுத்த நாளிலிருந்து இதுவரை தோற்றது ஆயிரத்து நானூற்றெண்பது. தர வேண்டியவர் வெல்டர்.

"என்னது இது?"

"நான்தான் பொய் சொன்னேன்," என்றார் டயர்க்காரர்.

 வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. கடை சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"உங்கப்பாவுக்குப் பக்கத்து முக்காலி என்னுது. அவர் சீட்டை நான்தான் ஆடினேன். சாயந்தரம் போன்ல ஒவ்வொரு ஆட்டமா அவருக்குச் சொல்லணும். மொத வாரம் தோத்துட்டேன். தோத்துட்டோம்னு எப்படிச் சொல்றது, அந்த உடம்புகிட்ட? ஜெயிச்சோம்னு சொன்னேன். அப்புறம் நிறுத்த முடியல."

"இவனுக்கு ஒரு கையே ஆடத் தெரியாது. ரெண்டு கையைக் குடுத்தா?" என்று லாரிக்காரர் மெதுவாகச் சொன்னார். எப்போதும் சொல்லும் கிண்டலாக இருக்க வேண்டும். சொன்ன பிறகு தாடையைத் தடவிக்கொண்டார்.

அவளுக்கு அந்த போன் நினைவு வந்தது. சனிக்கிழமை ஆறரைக்கு வரும். "கதவைச் சாத்திட்டுப் போ" என்பார் அப்பா. அவள் சமையலறையில் அவருக்குக் கஞ்சி கலக்கிக்கொண்டிருப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம் சிரிப்பார். இருமி இருமிச் சிரிப்பார். அவள் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனதும் சிரிப்பு நின்றுவிடும். வாயைத் திறப்பார். ஊட்டுவாள். "போதும்" என்பார்.

"மூணு ராணி?" என்று கேட்டாள். "ஒரு நாள் 'மூணு ராணியா, அடப்பாவி'ன்னு கத்தினாரே. தெருவுக்கே கேட்டுது."

"வரல பாப்பா."

"என்ன வந்துது?"

"ஒரு ஜோடி ஏழு."

"நாலு ஏஸ் வந்துதுன்னு அத்தைகிட்ட வேற சொன்னார்."

"அதுவும் வரல."

அவள் நோட்டைப் பலகையில் அறைந்தாள். வாஷர்கள் குதித்தன.

"உங்களுக்கு வெட்கமா இல்ல? பத்து மாசம் மலம் அள்ளினேன். புண்ணு வராம ரெண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டினேன். மருந்து, சம்பளம், வீடு, எல்லாம் அவர்கிட்ட உண்மையைத்தான் சொன்னேன். அதனால என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்க ஒண்ணும் இல்ல அவருக்கு. நீங்க போன்ல பொய் சொல்லிச் சிரிக்க வெச்சிட்டீங்க. சுலபமான வேலை. சாகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நல்லா இரும்மான்னு ஒரு வார்த்தை இல்ல. டயர்க்காரன் தரணும், வாங்கிக்க. அதுதான். அந்தக் கடைசி மூச்சும் உங்க பொய்க்கே போச்சு."

அவள் அழவில்லை. குரல் மட்டும் கிழிந்திருந்தது.

டயர்க்காரர் எழுந்து முன்னறைக்குப் போனார். கல்லாப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நோட்டுகளைப் பலகையில் வைத்து எண்ணினார். ஆயிரத்து எழுநூறு இருந்தது. சட்டைப் பையில் துழாவினார். இன்னும் இருநூறு. லாரிக்காரர் தன் பையிலிருந்து இருநூற்றைம்பது வைத்தார்.

"உனக்கு எதுக்குடா?" என்றார் டயர்க்காரர்.

"நீ போன்ல சொன்னதை நானும் கேட்டுட்டுச் சும்மாத்தானே இருந்தேன்."

அவள் எடுத்து எண்ணினாள். ஆலையில் காலர் கட்டு எண்ணுகிற மாதிரி, பெருவிரலை நாக்கில் தொட்டு, இரண்டு தடவை. சரியாக இருந்தது. பிறகு அதிலிருந்தே பிரித்தாள். ஆயிரத்து நானூற்றெண்பதைப் பூட்டுக்காரர் முன்னால் தள்ளினாள். மீதி அறுநூற்றெழுபது அவள் கையில் நின்றது.

"இது அவர் தோத்தது. எடுத்துக்குங்க. வெல்டர் கடனோட போனான்னு நாளைக்கு ஒரு வாய் பேசக் கூடாது."

"யாரு பேசப் போறா? இந்தக் காசை எடுத்தா என் கை விளங்குமா?" என்றார் பூட்டுக்காரர்.

"விளங்குதோ விளங்கலையோ, எடுங்க."

அவர் எடுக்கவில்லை. பணம் வாஷர்களுக்கு நடுவில் கிடந்தது. அவள் கதவு வரை போனாள். போனவள் நின்றாள். ஒன்று மட்டும் உறுத்தியது.

"ஜெயிச்சோம்னு சொன்னதோட விட வேண்டியதுதானே? தொகை எதுக்குச் சொன்னீங்க?"

"நானா சொல்லல," என்றார் டயர்க்காரர். "மொதல்ல எல்லாம் அவர் தொகையே கேட்டதில்ல. எந்தச் சீட்டு, யார் ஏமாந்தான், அவ்வளவுதான். நாலு மாசமாத்தான் ஆரம்பிச்சார். எவ்வளவு ஆச்சு, எவ்வளவு ஆச்சுன்னு வாரா வாரம் கேட்பார். நானும் கூட்டிக் கூட்டிச் சொல்லிக்கிட்டே வந்தேன். ஒரு நாள் அறுநூத்தைம்பது ஆச்சுன்னேன். 'சரி, ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ஆயிரத்து ஐநூறு வேணும்'னார். எதுக்குன்னு கேட்டேன். 'நான் ஒண்ணை உடைச்சுட்டேன்டா, நீ ஒழுங்கா ஆடு'ன்னார்."

அவள் திரும்பவில்லை. கதவின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"போன சனிக்கிழமை ரொம்ப மூச்சு வாங்கிச்சு அவருக்கு. சரின்னு நானே கூட்டி, 'ரெண்டாயிரத்து நூத்தைம்பது ஆயிடுச்சுண்ணே'ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் போச்சோன்னு நினைச்சேன். அப்புறம், 'போதும். இனிமே எனக்குப் போடாதே'ன்னுட்டார். முப்பத்திரண்டு வருஷத்துல அவர் போதும்னு எழுந்து நான் பார்த்ததில்ல, பாப்பா. எல்லாத்தையும் தோத்துட்டுத்தான் எழுந்திருப்பார்."



அவள் கை தானாக மேலே போய்க் காதோரம் நூல் முடிச்சைத் தொட்டது. தொட்டு, திருகி, விட்டது. தாடை இறுகியிருந்தது. யாரையாவது அடிக்கப் போகிறாள் என்று பூட்டுக்காரர் நினைத்திருக்க வேண்டும். முக்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

அவள் பலகைக்கு வந்தாள். வாஷர்களுக்கு நடுவில் கிடந்த பணத்தை ஒவ்வொரு நோட்டாகப் பொறுக்கினாள். கையில் இருந்த அறுநூற்றெழுபதோடு சேர்த்தாள். ஓரம் தட்டி ஒழுங்காக மடித்தாள்.

"அந்தக் கணக்கை அடிச்சிடுங்க."

"முழுசாவா?"

"முழுசா."

 பூட்டுக்காரர் பேனாவை எடுத்தார். லாரிக்காரர் நான்காவது முக்காலிக்கு முன்னால் இருந்த ஐந்து சீட்டையும் புரட்டாமலே ஒன்று சேர்த்துக் கட்டுக்குள் செருகினார்.

பூட்டுக்காரர் வெல்டர் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தார். பேனாவில் மை குறைவு. அவள் கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு, நோட்டுக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள்.

"எனக்குத் தெரியல," என்றாள். "இன்னொரு தடவை அழுத்திப் போடுங்க."