ஐஸ் வைக்க மறந்த முகம்

மகளின் இடது கன்னத்தில் பழுத்திருந்த பருவை ஆவிக்காரம்மா வளையக் கம்பியால் மெல்ல அழுத்தியபோது, அது, "என் சின்ன மருமகளுக்கு ஒரு வெங்காயம் உரிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உடைந்தது. ஜவுளிக்கடைக்காரர் மனைவியின் குரல், அதே இழுவை, அதே அலுப்பு. பஞ்சால் துடைத்து, மருந்து தொட்டு வைத்து, அடுத்த பருவுக்குப் போக வேண்டியதுதான் முறை. ஆனால் ஆவிக்காரம்மா கம்பியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பரு பேசியதால் அல்ல. முகத்தில் கை வைத்துப் பிழைப்பவர்களுக்கு அது தெரிந்த சங்கதிதான். அந்தப் பேச்சு எந்த மத்தியானம் நடந்தது, அதற்குப் பிறகு தான் என்ன சொன்னோம் என்பது ஞாபகம் வந்துவிட்டது.

வீட்டின் முன்பக்கத்திலேயே அவளுடைய பார்லர், இரண்டே அறை. முன்னறையில் கண்ணாடியும் சாயும் நாற்காலியும். திரைக்குப் பின்னால் இன்னொரு நாற்காலி, ஆவி மிஷின், சின்ன ஃப்ரிட்ஜ், துண்டு துவைக்கும் தொட்டி. ஆவி காட்டினால் முகத்துத் துளைகள் திறக்கும், உள்ளே அடைத்திருக்கும் கரும்புள்ளிகள் இளகும், எடுத்து முடித்ததும் ஐஸ் வைத்துத் துளைகளை மூட வேண்டும். திறந்ததற்கும் மூடுவதற்கும் நடுவே அறையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மின்விசிறி சத்தமோ வண்டி ஹாரனோ ஒன்றும் செய்யாது, பேச்சு மட்டும் உள்ளே போய்விடும். தொழில் பழகிய புதிதில் ரேடியோவை நிறுத்த மறந்து, ஒரு கல்யாணப் பெண்ணின் தாடையில் வானிலை அறிக்கை மொத்தமும் இறங்கிவிட்டது. முகூர்த்த நேரத்தில், "பெருமழைக்கு வாய்ப்புண்டு" என்று ஒரு பரு உடைந்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. அதிலிருந்து ஆவிக்காரம்மா உதட்டில் விரலை வைத்துக்கொண்டுதான் மிஷினையே போடுவாள்.

அப்படிப்பட்டவள் சொந்த மகளிடம் கோட்டை விட்டாள். பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் மகளுக்கு முகம் ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகியிருந்தது, துளைகள் தனித்தனியாகத் தெரிந்தன. ஊரார் முகத்தையெல்லாம் பளபளப்பாக்குகிறவள் வீட்டில் இப்படி ஒரு முகமா என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்பது ஆவிக்காரம்மாவை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று மத்தியானம் ஆள் இல்லாத நேரம் பார்த்து மகளைப் பின்னறையில் உட்கார வைத்து ஆவி காட்டினாள். கதகதப்பில் பெண் அப்படியே தூங்கிவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடைக்காரர் மனைவி வந்தார். நம் பிள்ளைதானே, ஐஸ் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று முன்னறைக்குப் போனாள். வந்தவர் மருமகளைப் பற்றிப் பேசினார், மூட்டுவலியைப் பற்றிப் பேசினார், திரை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். "உள்ள யாருங்க அது, மூஞ்செல்லாம் குண்டும் குழியுமா? உங்க பொண்ணா?" என்றார். "ஐயோ, இல்லங்க. துண்டு துவைக்க வர்ற பொண்ணு" என்றாள் ஆவிக்காரம்மா. "அதானே பாத்தேன்" என்று அவர் சிரித்தார். இவளும் சேர்ந்து சிரித்தாள். தூங்குகிற காதுக்கு எட்டவில்லை. திறந்திருந்த துளைகளுக்கு எட்டியது.

பருக்கள் வரிசை கட்டி வந்தன. ஆவிக்காரம்மா ஒவ்வொன்றையும் பயந்து பயந்துதான் அழுத்தினாள். சீழ் தெறித்துவிடும் என்று சாக்குச் சொல்லி மகளின் காதுகளில் பஞ்சை அடைத்துவிடுவாள். மூட்டுவலி வந்தது. மாடிப்படி ஏற முடியாத புலம்பல் வந்தது. "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க" என்று ஆவிக்காரம்மாவின் குரலே ஒருமுறை வந்தபோது கம்பி கைநழுவித் தரையில் விழுந்தது. மற்றதெல்லாம் வந்தது, அந்தப் பதில் மட்டும் வரவில்லை. கடைசியில் மூக்கின் ஓரமாக ஒரே ஒரு கட்டி மிஞ்சியது. முனை வைக்கவில்லை, பழுக்கவில்லை, உள்ளுக்குள்ளேயே சிவந்து கொதித்தது. தொட்டால் மகள் துடித்தாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று இனி யாரும் ஆவிக்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தோல் டாக்டர் விளக்கைக் கிட்டே இழுத்துக் கட்டியைப் பார்த்தார். மூக்கோரக் கட்டியில் வீட்டில் கை வைக்கக் கூடாது என்று முதலில் அதட்டினார். பிறகு மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, சளிக்கு மருந்து சொல்கிற தொனியில் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. கீறினா உள்ள இருக்கிறது சத்தமா வெளிய வந்துடும், ஒரு குழி நிக்கும். மாத்திரை குடுத்தா தழும்பு இருக்காது, சத்தமும் இருக்காது, உள்ளயே கரைஞ்சுடும். ஆனா கரைஞ்சது ரத்தத்துல சேரும். அந்தப் பேச்சு அவளுக்கு நிஜமாயிடும். நல்ல பேச்சா இருந்தா ஒண்ணும் பாதகமில்ல. என்ன பேச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க" என்றாள் ஆவிக்காரம்மா. டாக்டர் மாத்திரை எழுதினார்.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. கட்டி வற்றியது, துளைகள் சுருங்கின, பார்க்கிறவர்கள் என்ன கிரீம் என்று விசாரித்தார்கள். மகள் காலையில் எழுந்ததும் சொல்லாமலே துண்டுகளைத் துவைக்கத் தொடங்கினாள். பொறுப்பு வந்துவிட்டது என்று தாய் மனதைத் தேற்றிக்கொண்டாள். பிறகு சாப்பாட்டுக்கு மேசைக்கு வருவது நின்றது. தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். செருப்பை வாசலிலேயே விட்டாள். அம்மா என்று கூப்பிடுவது எந்த நாளில் நின்றது என்று ஆவிக்காரம்மா யோசித்து யோசித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டு, பை ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நான் கெளம்பட்டுங்களா மேடம்?" என்று கேட்டாள். எங்கே போவாய் என்று கேட்டதற்கு, வீட்டுக்கு என்றாள். வீடு எங்கே என்று கேட்டதற்கு வாசலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், திணறினாள். ஆவிக்காரம்மா ஓடிப்போய் வாசலை மறித்தாள். இன்றைக்கு இங்கேயே இரு என்று பொய்யாக ஒரு வேலை சொல்லி நிறுத்தினாள். அன்றிலிருந்து வாசல் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தாள். மாத்திரையை நிறுத்தினாள். நிறுத்தியும் கரைவது நிற்கவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்று பலமுறை வாயெடுத்தாள். சொன்னால் மகள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்ததும் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

லாரி ஓட்டுகிற தகப்பன் வெளியூர் லோடு முடிந்து ஒரு மத்தியானம் வந்தான். மகள் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஒதுங்கி நின்று, "மேடம் உள்ள இருக்காங்க. யாரு வந்திருக்காங்கன்னு சொல்லட்டும்?" என்றாள். அவன் முதலில் விளையாட்டு என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். "என்னடி பண்ணி வச்சிருக்க எம் புள்ளைய?" என்று மட்டும் கேட்டான்.

அந்தச் சூட்டோடு ஆவிக்காரம்மா மகளைக் கிளப்பி டாக்டரிடம் கூட்டிப்போனாள். "மேடம் வரச் சொன்னாங்க" என்று மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் மூக்கோரத்தைத் தடவிப் பார்த்தார். கட்டி மிளகளவு மிஞ்சியிருந்தது. "இப்பவாவது என்ன பேச்சுன்னு தெரிஞ்சுதா?" என்றார். "அன்னைக்கே தெரியுங்க" என்றாள் ஆவிக்காரம்மா. டாக்டர் கோபப்படவில்லை, கையுறையை மாட்டினார். மிச்சத்தைக் கீறி எடுத்துவிடலாம், கரைந்துபோனதைத் தன்னால் எடுக்க முடியாது, அதைப் போட்டவர்கள்தான் எடுக்க வேண்டும் என்றார்.

அவள் மகளின் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காதில் பஞ்சு வைக்கவில்லை. அந்த மத்தியானத்தை ஒன்று விடாமல் சொன்னாள்: ஐஸ் வைக்காததை, திரை இடுக்கை, கேட்ட கேள்வியை, சொன்ன பதிலை. சொல்லச் சொல்ல, யாரோ ஒரு வீட்டுக் கதையைக் கேட்கிறவளைப் போல மகள் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் ஆவிக்காரம்மாவை உலுக்கியது. இனி வராது, என் பிள்ளை போனது போனதுதான் என்று நினைத்தாள். டாக்டர் ஊசி முனையால் கீறினார். கட்டியிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. வார்த்தையெல்லாம் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. சிரிப்பு கெட்டியானது, அது கடைசியில்தான் கரையும். முதலில் ஜவுளிக்கடைக்காரர் மனைவியின் சிரிப்பு வந்தது, அதன் மேலேயே இன்னொரு சிரிப்பு, சற்று வேகமாக, முந்திக்கொண்டு வந்தது. அடங்க நேரமாயிற்று. வெளியே காத்திருந்த நோயாளிகள் கதவைப் பார்த்தார்கள். மகள் தலையாட்டுவதை நிறுத்தியிருந்தாள். அவள் கண் நிறைந்தது.

"ரெண்டாவது சிரிச்சது நீதானேம்மா?" என்று கேட்டாள்.

அம்மா என்ற சொல்லைக் கேட்ட சந்தோஷத்தை வைத்துக்கொள்ள ஆவிக்காரம்மாவுக்கு இடமில்லை. ஆமாம் என்றாள். டாக்டர் பஞ்சை அழுத்திப் பிடித்து, குழி இருக்கும் என்று மறுபடி சொன்னார்.

குழி இருக்கிறது. அந்தப் பெண் இப்போது முன்னறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறாள், கைராசிக்காரி என்று பெயர். நாற்காலியில் சாய்கிற புது ஆட்கள் மூக்கோரத்தைப் பார்த்து, அம்மையா, அடிபட்டதா என்று கேட்பார்கள். "அது எங்கம்மா சிரிச்ச இடம்" என்பாள். ஜவுளிக்கடைக்காரர் மனைவி அந்தப் பதிலைக் கேட்ட நாளிலிருந்து யார் முகத்தைப் பற்றியும் பேச்செடுப்பதில்லை, மாதம் தவறாமல் வந்து வாயை மூடிக்கொண்டு படுத்துக்கொள்கிறார். ரத்தத்தில் சேர்ந்தது முழுக்கப் போய்விடுமா என்று கேட்டால் டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். எப்போதாவது, அடைமழைக் காலத்தில், துண்டை மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கை நின்றுவிடும். "நான் கெளம்பட்டுங்களா மேடம்?" என்பாள். ஆவிக்காரம்மா செய்வதைப் போட்டுவிட்டு வருவாள், யார் இருந்தாலும் சத்தமாக, "நீ என் பொண்ணு. எங்க கெளம்புற?" என்பாள். அவள் கொஞ்ச நேரம் யோசிப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் ஆவிக்காரம்மா மூச்சே விடமாட்டாள். பிறகு மகள், "ஆமால்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுப்பாள்.