கோரைக்குக் கட்டம் இல்லை

ஏரியில் கோரை தானாக வளர்ந்ததுதான் சூழலியல் ஆய்வாளருக்கு வினையாக வந்தது. மூன்று வருடம் கரையோரக் குடும்பங்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, குப்பை கொட்டுவதையும் புல் அறுப்பதையும் நிறுத்தியிருந்தாள். கோரை ஆளுயரம் எழுந்தது. மீனும் திரும்பி வந்தது. ஆனால் அலுவலகத்தில் இயக்குநர் ஆண்டறிக்கைப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"எத்தனை கன்று நட்டோம்? அந்தக் கட்டம் காலியா இருக்கே."

"நடல சார். விட்டு வச்சோம், அதுவே வளந்துச்சு."

"சும்மா இருந்தோம்னு எழுதுனா மேல இருக்கறவங்க சிரிப்பாங்கம்மா. திங்கக்கிழமை பொக்லைன் வருது. கோரைய வழிச்சுட்டு வரிசையா ஐநூறு மரம் வைப்போம். போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்."

"அப்புறம் மீன் எங்க சார் முட்டை போடும்?"

"மீனுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

மத்தியானம் கரைக்குப் போய், வலையை உலர்த்திக்கொண்டிருந்த மீன்கார அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"கைய வைக்காத, கால வைக்காதன்னு மூணு வருசமா எங்க உயிர வாங்குன. இப்ப நீயே மிஷினக் கூட்டிட்டு வர்றியா?"

"நான் இல்லக்கா, ஆபீஸ்."

"எங்களுக்கு ஆபீஸ்னா நீதான்டி."

ஆய்வாளர் கரையிலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்த படிவத்தை எடுத்து, கன்றுகளின் எண்ணிக்கை கேட்ட கட்டத்தில் 'இல்லை' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு ஆளிடம் எழுதி வாங்கிக்கொள்வார் என்பது அவளுக்கும் தெரியும்.

"மிஷின் எத்தனை மணிக்கு வருது?" என்றாள் அக்கா.

"எட்டுக்கு. நான் ஏழுக்கே வந்துடுறேன்க்கா. வந்து என்னத்தக் கிழிக்கப் போறேன்னுதான் தெரியல."