சிங்கப்பூரில் எட்டுப் பேர்

திருவள்ளூர் கடைத்தெருவில் தணிகாசலத்தின் ஜவுளிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவன் சின்னராசு. வாய் சாமர்த்தியக்காரன். அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு ரூபாய்க்குச் சேலை கேட்டு வருகிறவளுக்கு ஆறு ரூபாய்ச் சேலையை எடுத்துப் போடவே கூடாது. முதலில் நாற்பது ரூபாய்ப் பட்டு, அப்புறம் இருபது, அப்புறம் பதினைந்து. அவள் முழி பிதுங்கி நிற்கும்போது ஒன்பது ரூபாய்ச் சேலையை விரித்தால், அட, இது சல்லிசாச்சே என்று அவளே முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். பெரிய வித்தை, மண்ணாங்கட்டி!

அன்று காலை கன்னியம்மா அப்படித்தான் மாட்டினாள். மகள் கல்யாணத்துக்கென்று நாற்று நட்டுச் சேர்த்த காசு. ஒன்பது ரூபாயை வைத்துவிட்டு, "நீ மவராசனா இருக்கணும் நைனா" என்று கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனாள்.

கல்லாவில் முதலாளி சிரித்தார். ஆள் குளிர்ந்திருக்கிறார், இதுதான் சமயம் என்று சின்னராசு போய் நின்றான். அவனுக்குச் சம்பளம் முப்பத்தைந்து ரூபாய். படுக்கை கடைக்குள்ளேயே, துணி மூட்டைகளுக்கு நடுவில். பெண்டாட்டி செண்பகம் கைக்குழந்தையோடு திருவாலங்காட்டில் அண்ணன் வீட்டில் கிடந்தாள். சோறு போடும்போதே அண்ணிக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம். ரயிலடிக்குப் பின்னால் பத்து ரூபாய் வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தான். சம்பளம் கூடிவிடும் என்ற தைரியத்தில், சாயங்கால வண்டிக்கே வந்துவிடு என்று அவளுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டான்.

"பத்து ரூபா சேத்துக் குடுங்க மொதலாளி. ஊடு எடுக்கணும்."

தணிகாசலம் போன வாரம்தான் சிங்கப்பூரில் தம்பி கடையைப் பார்த்துவிட்டுக் கப்பலில் திரும்பியிருந்தார்.

"அங்க கடையில நிக்கிறவனுக்கு இன்னா சம்பளம் தெரியுமாடா? நூறு வெள்ளி! வாயப் பொளக்காதே. எட்டுப் பேரு ஒரே ரூம்ல. ஒர்த்தன் எந்திரிச்சாத்தான் இன்னொர்த்தன் படுக்கலாம். நாஷ்டா துன்னே பாதி பூடும். ரங்கூன்ல அரிசி வெலயக் கேட்டா உனக்கு மயக்கம் வரும். கொழும்புல ஊட்டு வாடகைக்கே சம்பளம் பத்தாது. நீ இங்க ஓசில படுத்துகினு கீறே. மத்தியானம் என் ஊட்டுச் சோறு. ராஜா மாதிரி கீறேடா!"

சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு. நாற்பது, இருபது, பதினைந்து. சின்னராசுவுக்குப் பொறி தட்டியது. த்தூ! தினமும் நான் விரிக்கிற வித்தையை என்னிடமே விரிக்கிறானே இந்த ஆள்! மத்தியானச் சோறாம். நேற்றைய குழம்பை ஊற்றி, நாய்க்கு வைக்கிற மாதிரி பின்கட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

"சரி, தொலையுது. ரெண்டு ரூபா சேத்துக்கோ" என்றார் முதலாளி கடைசியில்.

எல்லாம் தெரிந்தும் அவன் கைகள் தாமாகக் குவிந்தன. "நீங்க மவராசனா இருக்கணும் மொதலாளி" என்றது வாய். அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது அவனுக்கு.

சாயங்காலம் செண்பகம் தகரப் பெட்டியும் குழந்தையுமாக ரயிலை விட்டு இறங்கினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஊடு எங்கய்யா?"

வீடு இல்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நேராகச் சொல்லி அவன் வாய்க்குப் பழக்கமில்லையே!

"இன்னாமே, சிங்கப்பூர்ல எட்டுப் பேரு ஒரே ரூம்ல கீறாங்களாம். ரங்கூன்ல அரிசி வெல..."

செண்பகம் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சிரிப்பு எங்கே போயிற்றோ.

"நான் இன்னா சிங்கப்பூருக்காய்யா வாக்கப்பட்டேன்?"

பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு, திருவாலங்காட்டுக்குத் திரும்பிப் போகிற வண்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று போர்ட்டரைக் கேட்கப் போய்விட்டாள்.