தண்ணீர் தெளித்த தரை

காய்ந்திருக்கும்போது அது கடுகளவுக் குண்டு. நாலு மணி நேரம் தண்ணீரில் கிடந்தால் கொண்டைக்கடலை அளவுக்குப் பெருத்து ஜெல்லியாகிவிடும். பொம்மைத் துப்பாக்கிச் சண்டை நடத்தும் கூடத்துக்கு, துப்பாக்கியில் போட்டுச் சுட, வாளி வாளியாக அதை ஊறவைத்துக் கொடுப்பது என் வேலை. வீட்டிலேயே செய்வேன். தங்கச்சி வேலைக்குப் போனதும் அவளுடைய ஒன்றரை வயது மகளும் என் பொறுப்புதான்.

அன்று பாக்கெட் கிழிந்து குண்டெல்லாம் தரையில் ஓடியது. பெருக்கினால் சந்துபொந்தில் போய் ஒளிந்துகொள்ளும், சனியன். அதனால் இந்த வேலை செய்கிறவர்கள் தண்ணீர் தெளித்துவிடுவோம், பெருத்ததும் பொறுக்கிக்கொள்ளலாம். தெளித்துவிட்டு வாளி கழுவப் போனேன். திரும்பி வந்தால், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஈரத்தில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். விரலை விட்டு இரண்டு குண்டை எடுத்தேன். சிரித்தாள். அவ்வளவுதான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை.

“எதையாவது முழுங்கிச்சா?” என்று டாக்டர் கேட்டார்.

தங்கச்சி முந்திக்கொண்டாள். “சான்ஸே இல்ல டாக்டர். எங்கக்கா கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்குவா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

அடுத்த நாள் காலை குழந்தையின் வயிறு கல்லாகியிருந்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

“நேத்தே ஏம்மா சொல்லல?”

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.”

வயிற்றைத் திறந்து பதினொரு குண்டு எடுத்தார்கள். குடல் அழுகியிருந்தது. சாயங்காலம் போய்விட்டாள்.

வருஷம் ஒன்றாகிறது. அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் நடக்கும்போது உள்ளங்காலில் என்னமோ உருள்கிறது. குனிந்து பார்த்தால் வெறும் தரை.

தங்கச்சி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “அக்காவுக்கு மட்டும் ஞாபகம் வரலேன்னா டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது” என்றாள். ஞாபகம் வந்ததாம்! ஒரு நொடிகூட மறக்கவில்லையே நான், பாவி.

போன வாரம் வந்து என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

“நாலு மாசம்க்கா. இதையும் நீதான் பாத்துக்கணும். வேற யார நம்புறது?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். “சரிடீ” என்றுதான் வந்தது.