நாற்பத்தோராம் இருக்கை

"ரெண்டு பேரும் ஒரே நாற்காலியை என்னுதுன்னு சொன்னா, நாற்காலி யார் பேச்சைக் கேக்கும்மா?"

நர்ஸம்மாவின் மகள் ஆறு வயதில் இதைக் கேட்டது மருத்துவமனை வராந்தாவில். இரண்டு நோயாளிகள் ஒரு நாற்காலியின் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸம்மா சிரித்துவிட்டு ஊசி போடப் போய்விட்டார்.

பதினெட்டு வருடம் கழித்து அந்தக் கேள்வி அவருக்கே வந்து சேர்ந்தது. சட்டசபைத் தேர்தலில் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். தோற்றவர், மூன்று முறை உறுப்பினராக இருந்த வக்கீல், வழக்குப் போட்டார். நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது: நர்ஸம்மா பதவியேற்கலாம், சபையில் உட்காரலாம், பேசலாம். தீர்ப்பு வரும்வரை வாக்களிக்கக் கூடாது. மீறினால் இருக்கை போய்விடும்.

மற்றவர்களின் மேசையில் பித்தளையில் பெயர் பொறித்திருந்தது. நர்ஸம்மாவின் நாற்பத்தோராம் மேசையில் மட்டும் மையால் எழுதிய அட்டை.

"தீர்ப்பு வந்ததும் பித்தளை போடுவோம்மா," என்றார் சபைக் காவலர். "அதுவரைக்கும் ஈரக் கையை வைக்காதீங்க. பேர் அழிஞ்சிடும்."

"கையைத் துடைச்சுத் துடைச்சே வேலை பாத்தவ நான். அழியாது," என்றார் நர்ஸம்மா.

வக்கீல் தினமும் பார்வையாளர் மாடத்துக்கு வந்துவிடுவார். உத்தரவு மீறப்படுகிறதா என்று பார்க்கத்தான் வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே இருப்பதெல்லாம் சாய்மானம் இல்லாத தாழ்ந்த பெஞ்சுகள். அவருக்கோ இடுப்பில் அறுவை செய்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அவரைப் பார்க்கும்போதெல்லாம் நர்ஸம்மாவுக்கு வாக்கு எண்ணிய நாள்தான் நினைவுக்கு வரும். ஏழு மணி நேரம் நின்றதில் கால் வீங்கிப்போயிருந்தது. கைத்தடியோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த வக்கீல் எழுந்து, தன் நாற்காலியை இந்தப் பக்கம் தள்ளினார். "உக்காருங்கம்மா. ஓட்டு யாருக்கோ, கால் உங்களோடதுதானே." தான் ஜெயித்த செய்தியை நர்ஸம்மா கேட்டது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான்.

அன்று சபையில் வாக்கெடுப்பு. சிறிய ஊர்களின் மருத்துவமனைகளில் இரவிலும் மருத்துவர் இருக்க வேண்டும் என்ற தீர்மானம். நர்ஸம்மா ஊர் ஊராகக் கேட்டு வந்த வாக்கே அதற்காகத்தான். ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பதும், எண்ணுபவர் தலைகளை எண்ணுவதும் அந்தச் சபையின் வழக்கம். சுற்றிலும் எல்லோரும் எழ, நர்ஸம்மா கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்போது மாடத்தில் வக்கீல் பெஞ்சிலிருந்து எழப் பார்த்து, கைத்தடி வழுக்கிச் சரிந்தார். யாராவது விழுந்தால் எழுந்து ஓடுவது நர்ஸம்மாவின் இருபத்தைந்து வருடப் பழக்கம். எழுந்துவிட்டார். பக்கத்திலிருந்தவர்கள் வக்கீலைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதற்குள் எண்ணி முடிந்தது.

"ஆதரவு முப்பத்திரண்டு. எதிர்ப்பு முப்பத்தொன்று. தீர்மானம் நிறைவேறியது."

அடுத்த இருக்கை மளிகைக்காரர் நர்ஸம்மாவின் கட்சிக்காரர். கிசுகிசுத்தார்: "அக்கா, உங்களையும் சேத்து எண்ணிட்டான். பேசாம உக்காருங்க."

"தப்பு, தம்பி."

"சொன்னா எழுந்தேன்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். மேல மாடத்துல இருக்கற மனுஷன் நாளைக்கே கோர்ட்டுல நிப்பார். நாற்காலியும் போச்சு, டாக்டரும் போச்சு."

இரவில் பிரசவ வலியோடு வண்டியில் காத்துக் கிடந்த பெண்கள் நர்ஸம்மாவின் கண்முன் வந்தார்கள். கடவுளே, அவர்களுக்கான மருத்துவரைப் பொய்க்கணக்கில் கொண்டுவர வேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

"தலைவர் அவர்களே, என்னைக் கழிச்சிடுங்க. நான் ஓட்டுப் போட எழல. விழுந்தவரைப் பாத்து எழுந்தேன்."

ஒன்று கழிந்தது. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. விதிப்படி ஒரு வாரம் கழித்து மறு வாக்கெடுப்பு.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல," என்று வெளியே வரும்போது மளிகைக்காரர் முணுமுணுத்தார்.

"ஒரு வாரம் இருக்கே. ஊசின்னாலே ஓடறவங்களையே உக்கார வச்சுக் கையை நீட்ட வச்சிருக்கேன். எதிர்த்த அந்த முப்பத்தொண்ணுல ஒருத்தர் மாட்டாமலா போவார்?"

மளிகைக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாலையில் மகள் தொலைபேசியில் கேட்டாள். "இப்பவாவது சொல்லு. நாற்காலி யார் பேச்சைக் கேக்கும்?"

"அதைக் கோர்ட் சொல்லட்டும்டி. உக்காந்திருக்கற வரைக்கும் ஒழுங்கா உக்காரணும், அதுதான் என் வேலை."

மறுநாள் காலை, சபை கூடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாடத்தில் யாரும் இல்லை. நர்ஸம்மா ஒரு பையோடு படியேறினார். இடுப்பில் அறுவை ஆனவர்கள் தாழ உட்காரக் கூடாது. அதற்கென்றே செய்த கெட்டியான, உயரமான மெத்தையைப் பையிலிருந்து எடுத்தார். பின்வரிசையில் சுவரை ஒட்டிய, சாய்ந்துகொள்ள வாகான ஓரத்தில் அதை வைத்தார். நான்கு நாடாக்களையும் பெஞ்சோடு இழுத்துக் கட்டி, வழுக்காது என்று தெரியும்வரை தானே ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்த்தார். கைத்தடியைச் சாய்த்துவைக்கச் சுவரோரம் இடம் இருந்தது.

வக்கீல் இன்று மாடத்துக்கு வருவாரா, கோர்ட்டுக்குப் போவாரா, தெரியாது. பையை மடித்துக்கொண்டு நர்ஸம்மா படியிறங்கினார்.