கொக்கிக் குத்து

மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு மண்டிக்காரர்களில் உம்மல் குல்சும் ஒருத்திதான் பெண். அத்தா இறந்து பன்னிரண்டு வருடமாக அவள்தான் கடையை நடத்துகிறாள். கூட தம்பி ரிஃபத். பத்து லோடுமேன்களுக்குத் தலைவர் அப்துல் வஹீது. குல்சும் பள்ளிக்கூடச் சட்டையோடு கடைக்கு வந்துபோன காலத்திலிருந்தே அங்கே மூட்டை தூக்குகிறவர்.

ஜூன் மாத மழையில் குடோனுக்குள் கால் வைக்க முடியாத நாற்றம். குல்சும் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு கத்தியை எடுத்து அடி வரிசை மூட்டைகளைக் கிழித்தாள். கறுப்பாகத் தண்ணீர் பீறிட்டது. புழு நெளிந்தது. அழுகிய கிழங்குகளைத் துடைத்துப் பார்த்தாள். முக்கால்வாசியில் ஒரு துளை இருந்தது. மூட்டையைக் குத்தித் தூக்கும் இரும்புக் கொக்கியின் துளை.

எல்லோரையும் கூப்பிட்டாள்.

"வஹீதண்ணா, பாருங்க. கொக்கி ஏறின கிழங்கு நாலே நாள்ல அழுகிப்போகுது. அந்தத் தண்ணி பட்டு மூட்டை பூராவும் போகுது. காட்டுல ஒருத்தன் பாடுபட்டு வெளைய வெச்சதை நாம குத்திக் குப்பைல கொட்டறோம். நாளையிலிருந்து என் கடைல கொக்கி கூடாது."

"ஏனுங்க அம்மணி, அம்பது கிலோவை எதைப் புடிச்சுத் தூக்கறதுங்க? சாக்கு கல்லாட்டம் இறுகிக் கெடக்குது. வெரல் நிக்காதுங்க."

"பழகினா நிக்கும்."

ரிஃபத் பத்துக் கொக்கிகளையும் வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான்.

மூன்று நாள் வெறுங்கையால் இறக்கினார்கள். நகம் பிய்ந்தது. சாக்குகளில் ரத்தக் கறை. நான்காம் நாள் காலை கர்நாடகா லாரி வந்தது. வஹீதின் மருமகன் ஆசிப் சாய்வுப் பலகையில் நின்று முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தான். மேலே நின்றவனின் விரலிலிருந்து மூட்டை நழுவியது. அது ஆசிப்பின் பிடரியில் விழுந்து அவனைப் பலகையிலிருந்து தள்ளியது. அவன் தரையில் மல்லாந்து கிடக்கும்போதே பின்னால் உருண்டு வந்த மூட்டை தொடையில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவன் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வஹீதும் போனார். அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் தனியாகத் திரும்பி வந்தார். சட்டையெல்லாம் மருமகனின் ரத்தம். கையில் வீட்டிலிருந்து எடுத்துவந்த பழைய கொக்கி.

நேராக லாரிக்குப் போய் முதல் மூட்டையில் குத்தினார்.

"கொக்கியைக் கீழ போடுங்க," என்றான் ரிஃபத்.

"நவுருங்க தம்பி."

"போடுங்கன்னு சொல்றேனல்ல?"

ரிஃபத் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். அவர் உதறினார். அவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கடையில் அவர்மேல் யாரும் கை வைத்ததில்லை. வஹீது நெற்றியால் அவன் மூக்கில் மோதினார். மூக்கு உடைந்தது. இருவரும் கட்டிப் புரண்டார்கள். ரிஃபத் அவர் கழுத்தை நெரித்தபடி தலையை எடை மேடையின் இரும்பு விளிம்பில் இரண்டு தடவை மோதினான். மூச்சுக்குத் தவித்த வஹீதின் வலது கை மேலே வந்தது. ரிஃபத் முகத்தை மறைக்கக் கையை நீட்டினான். கொக்கி உள்ளங்கையில் ஏறி புறங்கை வழியாக வெளியே வந்தது. வஹீது விடவில்லை. மூட்டையை இழுப்பதுபோல் இழுத்தார்.

தம்பியின் அலறல் கேட்டு குல்சும் ஓடிவந்தாள். கையில் ஷட்டர் இழுக்கிற கம்பி. முதல் அடியை வஹீதின் தோளில் போட்டாள். அவர் கொக்கியை விட்டுவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் கை எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் ஒன்று போட்டாள்.

மற்ற லோடுமேன்கள் பாய்ந்தார்கள். ஒருத்தன் கம்பியைப் பிடுங்கி அவள் விலாவில் அடித்தான். மேசைக் கண்ணாடி நொறுங்கியது. லாரியில் இருந்த மூட்டைகளைக் கிழித்து ரோட்டில் உருட்டினார்கள். லாரி டிரைவர்தான் அக்காவையும் தம்பியையும் உள்ளே இழுத்துப்போட்டு ஷட்டரை இறக்கினார்.

போலீஸ் இரண்டு பக்கமும் கேஸ் போட்டது. குல்சும் ஜாமீனில் வந்தாள். வஹீது ஆஸ்பத்திரிக் கட்டிலில் போலீஸ் காவலில் கிடந்தார். மண்டித் தெருவில் ஒரு லோடுமேனும் அவள் கடைப்பக்கம் வரவில்லை. ஒன்பது நாள் கழித்துக் குடோனைத் திறந்தபோது கிழங்கு கூழாகி வாசல்வரை ஓடிவந்தது. ஒரு வருடத்தில் கொக்கி அழித்ததைவிட அந்த ஒன்பது நாளில் அழிந்தது அதிகம். பொக்லைன் வைத்து அள்ளினார்கள்.

அன்று எல்லோரும் போன பிறகு குல்சும், மூலையில் தப்பியிருந்த ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சாக்கில் பிடிக்க எதுவும் இல்லை. விரல் நுனிகள் வழுக்கின. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் நடுவிரல் நகம் பாதி பெயர்ந்தது. மூட்டை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சரக்கு அனுப்புகிறவர்களிடம் சண்டை. இனிமேல் இருபத்தைந்து கிலோ மூட்டைதான் வேண்டும், நாலு மூலையிலும் பிடிக்கக் காது வைத்துக் கட்ட வேண்டும் என்றாள். சாக்குக்கும் கூலிக்கும் எங்கே போவது என்று கத்தினார்கள். இரண்டு பேர் அவளுக்குச் சரக்கு போடுவதையே நிறுத்தினார்கள். மற்றவர்கள் இணங்க ஆறு வாரம் ஆனது. பழைய ஆட்களில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். வாரத்துக்கு ஒரு கூடை, இரண்டு கூடை மட்டும்தான் குப்பைக்குப் போனது. ரிஃபத்துக்கு இரண்டு விரல் மடங்கவேயில்லை.

கேஸை வாபஸ் வாங்கலாம் என்று வக்கீல் சொன்னதும், குல்சும் வஹீதின் வீட்டுக்குப் போனாள். ஜாமீனில் வந்திருந்த அவர் கையைக் கட்டுப்போட்டுக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அதே அறையில் ஆசிப் காலில் இரும்புக் கம்பிகளோடு படுத்திருந்தான்.

"கேஸை ரெண்டு பேரும் வாங்கிக்கலாமுங்களா, அண்ணா?"

"வாங்கிக்கலாமுங்க."

பிறகு அவரே கேட்டார். "மூட்டையைச் சிறுசு பண்ணிக் காது கட்டிட்டீங்களாமா?"

"ஆமாங்கண்ணா."

"அன்னைக்கே பண்ணியிருந்தா இவன் கால் தப்பிச்சிருக்கும்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாமுங்களே."

"நீங்க யோசனை கேக்கலீங்களே அம்மணி. கொக்கியைத்தான கேட்டீங்க."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டிலைப் பார்த்துப் பேசினாள். "ஆசிப்பு, எந்திரிச்சதும் எடை போடற வேலைக்கு வந்துரு. உக்காந்து பாக்கற வேலைதான்."

ஆசிப் தன் மனைவியை, வஹீதின் மகள் ஹிபாவைப் பார்த்தான். அவள் சமையல் கட்டு வாசலில் நின்றிருந்தாள்.

"வேண்டாமுங்க. உங்க கடைப் பேச்சே இந்த ஊட்ல வேண்டாமுங்க," என்றாள் ஹிபா.

குல்சும் எழுந்தாள். விலா இன்னும் வலித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"மழை வருது, பாத்துப் போங்க அம்மணி," என்றார் வஹீது.

அவள் பதில் சொல்லத் திரும்புவதற்குள் ஹிபா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.