ஜகார்த்தாவில் நடந்தவர்

வழிகாட்டி வேலைக்கு வந்த இருபத்திரண்டு வருடங்களில் சனூசி யாருக்கும் ஜகார்த்தாவை நடந்து காட்டியதில்லை. அந்த ஊரில் நடப்பதென்றால் வாசலிலிருந்து வண்டி வரைக்கும்தான். அதனால் டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்னிங், க்ளோடோக்கிலிருந்து மங்காராய் வரை நடந்தே போகலாம் என்றபோது, தனக்கு ஆங்கிலம் மறந்துவிட்டதோ என்று சந்தேகப்பட்டார்.

"பத்து கிலோமீட்டர் சார்."

"தெரியும். ஊரைக் காலால பார்த்தாத்தான் எனக்கு எழுத வரும்."

ஹென்னிங்குக்கு எழுபது வயதிருக்கும். கையில் ஒரு நோட்டு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினார்கள்.

நடைபாதையில் இறைச்சி உருண்டை சூப் விற்கிற தள்ளுவண்டி நின்றது. அதைச் சுற்றிப் போனால் ஒரு சலூன் நாற்காலி, அதில் முகமெல்லாம் நுரையோடு ஒருவர். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையிலேயே ஏறி வந்து மரியாதையாக ஹாரன் அடித்தன. ஹென்னிங் ஒதுங்கி நின்று, 'இங்கே நடைபாதை எல்லோருக்கும் பொது' என்று எழுதிக்கொண்டார்.

ஹார்மோனி பக்கம் பைக் டாக்சி ஓட்டுகிற ஒருவன் வண்டியை நிறுத்தினான். பெயர் உஜாங்.

"அண்ணே, கார் ரிப்பேரா?"

"இல்லப்பா. நடக்கிறோம்."

"எதுக்கு?"

சனூசி ஹென்னிங் பக்கம் கையைக் காட்டினார்.

"அவரு பர்ஸை அடிச்சிட்டாங்களா? பரவால்ல, ஏறச் சொல்லுங்க. சும்மாவே கொண்டுபோய் விடுறேன்."

மாட்டேன் என்றதும் உஜாங் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. வண்டியை மெல்ல உருட்டியபடி பின்னாலேயே வந்தான். விசாரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். காம்பீர் தாண்டும்போது ஐந்து வண்டிகள் ஆகியிருந்தன. 'ஓட்டுநர்கள் பாதசாரிகளுக்குக் காவலாக வருகிறார்கள்' என்று ஹென்னிங் எழுதினார்.

சிக்கினியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மைமுனா ரோட்டுக்கே வந்துவிட்டாள்.

"யாருங்க இந்தப் பெரியவரு? வீட்டவிட்டுத் தொரத்திட்டாங்களா? மூஞ்சி வெந்த எறா மாதிரி செவந்து கெடக்கு!"

காலையிலிருந்து விளக்கம் சொல்லிச் சொல்லி சனூசிக்கு வாய் வலித்தது. முழங்கால் அதற்கு முன்பே வலிக்க ஆரம்பித்திருந்தது.

"நேர்ச்சைம்மா," என்றார். "பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல. கொணமாகணும்னு நடக்கிறாரு."

அவ்வளவுதான். அதன்பிறகு யாரும் ஹென்னிங்கை வண்டியில் ஏறச் சொல்லவில்லை. உஜாங் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். மைமுனா ஜில்லென்று தேநீர் கொடுத்துவிட்டு, ஹென்னிங்கின் எதிரே நின்று இரு கைகளையும் ஏந்தி நீளமாக துஆ கேட்டாள். ஐந்து ஓட்டுநர்களும் ஆமீன் சொன்னார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் ஹென்னிங்.

இன்னொரு பொய் சொல்லலாமா என்று சனூசி யோசித்தார். ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று பட்டது. உள்ளதைச் சொன்னார்.

ஹென்னிங் நோட்டை மூடினார்.

"அவ பேரு கிர்ஸ்டன். பிப்ரவரியில போயிட்டா. இந்த ஊருக்கு டிக்கெட் போட்டதே அவதான். எந்த ஊருக்குப் போனாலும் நடந்துதான் பார்ப்பா. எனக்கு நடக்கவே பிடிக்காது."

சனூசியால் தரையைத்தான் பார்க்க முடிந்தது. "மன்னிச்சிடுங்க சார். இவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"வேண்டாம். இத்தனை பேர் தனக்காக வேண்டிக்கிட்டாங்கன்னா சந்தோஷப்படுவா. கொஞ்சம் லேட்டு, அவ்வளவுதான்."

இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. வழியில் உஜாங் சனூசியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நொண்டுறீங்களே அண்ணே. நேர்ச்சை அவருக்குத்தானே, நீங்க ஏறிக்கலாம்ல?"

சனூசி வண்டியின் பின்சீட்டைப் பார்த்தார். முன்னால் போகிற ஹென்னிங்கின் நனைந்த முதுகைப் பார்த்தார்.

"பரவால்லப்பா," என்று நடந்தார்.

மங்காராய் ரயில் நிலையத்தின் முன்னால் ஹென்னிங் நின்றார். "நேர்ச்சை முடிஞ்சா இங்க என்ன செய்வீங்க?"

"நாலு பேருக்குச் சாப்பாடு போடுவோம் சார்."

பக்கத்துக் கடையில் ஏழு கிண்ணம் கோழி சூப்பும் சோறும் வந்தன. எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். உஜாங் ஹென்னிங்கின் முகத்தைப் பார்த்து நேரடியாகவே கேட்டான்.

"வீட்டம்மாவுக்குக் கொணமாயிடும்ல?"

சனூசி அதை மொழிபெயர்க்கவில்லை. என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமலே ஹென்னிங் பலமாகத் தலையாட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று உஜாங் மிளகாய்த் துவையலை அவர் பக்கம் நகர்த்தினான். "காரம் ஜாஸ்தி, பார்த்துப் போட்டுக்கச் சொல்லுங்கண்ணே."

அதை சனூசி மொழிபெயர்த்தார்.